கோடுகள் பரப்பாகும் கலை

முன்னுரை

தென்பெண்ணை ஆற்றங்கரையில் அமைந்த திருக்கோவிலூரைத் தமிழ் மாணவர்க்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. மலையமான் திருமுடிக்காரியின் ஊர் அது. கபிலரின் பெயரைத் தாங்கிய குன்று இன்றும் ஆற்றின் நடுவே நிற்கும் ஊர் அது. உலகை அளந்தவன் என்னும் பெயருடைய பெருமாளுக்குப் பதினொரு நிலை இராசகோபுரத்துடன் அங்கே கோயில் உண்டு. அளவைப் பற்றிப் பேசுவதற்கு அதனினும் பொருத்தமான ஊர் இராது.

அவ்வூரிற் பிறந்த நாம் இம்மலருக்கு இலக்கியக் கட்டுரை எழுதாமல், கணினியில் கோடு, வில், வளைவு ஆகியவற்றைக் கொண்டு பரப்புகளை வரையும் முறையை எழுதப் புகுந்திருப்பது சிலருக்கு வியப்பளிக்கலாம். தமிழாசிரியருக்கு இங்கென்ன வேலை என்று கேட்போரும் இருக்கலாம். அதற்குரிய விடையை ஒரு நிகழ்ச்சியிலிருந்தே தொடங்குவோம்.

நிகழ்ச்சி ஒன்று

சில ஆண்டுகளுக்கு முன் கோடை விடுமுறையில் ஊருக்குச் சென்றிருந்தோம். எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் மரச்சிற்பம் செதுக்கும் தச்சர் ஒருவர் இருக்கிறார். அவருடைய மகன் பள்ளிப் படிப்பு முழுவதையும் தமிழ் வழியில் முடித்தவன். கணினி வரைபடம் கற்பிக்கும் பயிற்சி நிலையம் ஒன்றில் பணம் கட்டிச் சேர்ந்திருந்தான். இருபரிமாணப் படங்களை நன்றாகவே வரைந்தான். 'சர்ஃபேஸ்' என்னும் பாடம் வந்ததும் தடுமாறினான். தாமரை இதழ் ஒன்றை வரையச் சொன்னார்களாம். நான்கு விளிம்புகளையும் வரைந்துவிட்டான். பரப்பை உருவாக்கும் கட்டளையைக் கொடுத்தால், ஒரு விளிம்பு தொடவில்லை என்று கணினி மறுத்தது. அச்செய்தி ஆங்கிலத்தில் வந்தது. பயிற்றுநரைக் கேட்டதற்கு, "மறுபடி போடு" என்பதே விடையாகக் கிடைத்தது. ஆறு முறை போட்டும் ஆகாத நிலையில், "இது நமக்கு வராது சார், நிறுத்திவிடலாம் என்று இருக்கிறேன்" என்றான்.

அவனுடைய தந்தை பக்கத்திலேயே உளியும் கொட்டாப்புளியுமாக வேலை செய்துகொண்டிருந்தார். கணினியை அவர் தொட்டதில்லை. எங்கள் பேச்சைக் கேட்டவர் தலையை நிமிர்த்தாமலே, "வாத்தியார் பாய், நாலு மூலையும் கூடாம முறம் கட்ட முடியுமா?" என்றார்.

பாடம் முழுவதும் அவ்வொரு வாக்கியத்தில் அடங்கியிருந்தது. பையனிடம் படத்தைச் சாய்த்துக் காட்டச் சொன்னோம். மேலிருந்து நோக்குகையில் நான்கு மூலைகளும் கூடியிருந்தன. பக்கவாட்டில் திருப்பியதும் ஒரு மூலை மட்டும் ஏனைய கோட்டினின்றும் சற்றே உயர்ந்து அந்தரத்தில் நின்றது தெரிந்தது. குற்றம் பையனின் அறிவில் இல்லை. அவன் கையில் ஏற்கெனவே இருந்த அறிவுக்கும் அவனுக்குச் சொல்லப்பட்ட சொல்லுக்கும் இடையே பாலம் இல்லை. அப்பாலத்தை ஒரு சாணேனும் கட்டிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கோடு, வில், வளைவரை

பரப்பை வரையுமுன் அதன் உறுப்புகளை அறிதல் வேண்டும். இரு புள்ளிகளை இணைக்கும் மிகக் குறுகிய வழி நேர்கோடு. வட்டத்தின் ஒரு பகுதி வில். பள்ளிக் கணிதத்தில் வட்டத்தின் பகுதியை 'வில்' என்றும் அதன் இரு முனைகளையும் இணைக்கும் கோட்டை 'நாண்' என்றும் படித்திருக்கிறோம். வில்லாளியின் கையில் இருந்த பொருளே கணக்கின் பெயராயிற்று. சொல்லைக் கேட்டவுடன் வடிவம் கண்முன் நிற்கிறது. நல்ல கலைச்சொல்லுக்கு இதுவே இலக்கணம்.

ஒரே கோட்டில் அமையாத மூன்று புள்ளிகளைக் கொடுத்தால் அவற்றின் வழியே ஒரே ஒரு வட்டந்தான் செல்லும். ஆதலின் தொடக்கம், இடை, முடிவு என மூன்று புள்ளிகளைச் சுட்டினால் கணினி வில்லை வரைந்துவிடும். வில்லின் வளைவு எவ்விடத்தும் ஒரே அளவினது.

இடத்துக்கு இடம் வளைவு மாறிச் செல்வது வளைவரை. ஐரோப்பியக் கப்பல் தச்சர்கள் இதனை வரைவதற்கு மெல்லிய மரப்பட்டையை வளைத்து, அது நகராமல் ஈயக் கட்டிகளை வைத்து, அதன் ஓரமாகக் கோடு கிழித்தனர். அப்பட்டையின் பெயரே 'ஸ்பிளைன்'. நம் ஊரில் காற்றாடி செய்யும் சிறுவன் மூங்கில் தப்பையைச் சீவி வளைத்துக் கட்டும்போது செய்வதும் இதுவே. தப்பை தன் இயல்புக்கேற்ப வளைகிறது. நாம் சில இடங்களில் மட்டும் பிடித்துக்கொள்கிறோம்.

கணினி இப்பணியைக் கணக்கினால் செய்கிறது. ஒரு தாளில் நான்கு புள்ளிகளை வைத்து வரிசையாக மூன்று கோடுகளால் இணையுங்கள். ஒவ்வொரு கோட்டின் நடுப்புள்ளியையும் குறித்து அவற்றை இணைத்தால் இரண்டு கோடுகள் கிடைக்கும். அவற்றின் நடுப்புள்ளிகளை இணைத்தால் ஒரே கோடு எஞ்சும். அதன் நடுப்புள்ளி வளைவரையின் மேல் அமையும். நடுப்புள்ளிக்குப் பதிலாகக் கால் பங்கு, முக்கால் பங்கு என்று எடுத்தால் வளைவரையின் பிற புள்ளிகள் கிடைக்கும். வளைவரை முதற்புள்ளியில் தொடங்கிக் கடைசிப் புள்ளியில் முடியும். இடையிலுள்ள இரண்டும் அதனைத் தம்பால் ஈர்ப்பனவேயன்றிப் பொதுவாக அதன்மேல் அமைவன அல்ல. இம்முறையைப் பிரான்சு நாட்டின் சிட்ரோயன் கார் நிறுவனத்தில் பணியாற்றிய பால் தெ காஸ்தல்சோ கண்டார். ரெனோ நிறுவனத்தின் பொறியாளர் பியர் பெசியே இவ்வகை வளைவரைகளை உலகறியச் செய்தார். இன்று கணினி எழுத்துருவில் நாம் காணும் ழகரத்தின் சுழியும் ணகரத்தின் வளைவும் இத்தகைய வளைவரைகளால் ஆனவையே. அவ்வகையில் தமிழ்த்துறைக்கும் இப்பொருளுக்கும் உறவு உண்டு.

பரப்பு என்பது யாது?

கோட்டுக்கு நீளம் மட்டுமே உண்டு. பரப்புக்கு நீளமும் அகலமும் உண்டு. தடிப்பு இல்லை. தடிப்பும் சேர்ந்தால் அது திண்மம். குடத்தின் மண்ணை நீக்கிவிட்டு அதன் வெளித்தோற்றத்தை மட்டும் மனத்திற் கொண்டால் அதுவே பரப்பு. ஒரு கோடு இடம்பெயர்ந்து செல்லும்போது அது கடந்த வழியெல்லாம் பரப்பாகிறது என்று கொள்ளலாம். எந்தக் கோடு, எவ்வழியே நகர்கிறது என்பதைப் பொறுத்துப் பரப்பின் வகை வேறுபடும்.

ஆட்டோகேட் மென்பொருள் 1982ஆம் ஆண்டு வெளிவந்தது. அதில் வலைப்பரப்புகளை உருவாக்க நெடுங்காலமாக நான்கு கட்டளைகள் வழங்கி வருகின்றன. அந்நான்கையும் நம் ஊர்ப் பொருள்களைக் கொண்டே விளங்கிக்கொள்ளலாம்.

1. நீட்சிப் பரப்பு

கூண்டு வண்டியை நினைவு கூர்க. மூங்கிலை வில்லாக வளைத்து, அதே வில்லை வண்டியின் நீளத்துக்கு அடுத்தடுத்து நிறுத்தி, மேலே பாய் வேய்ந்திருப்பர். ஒரு வில், ஒரு திசை, ஒரு நீளம் ஆகிய மூன்றும் இருந்தால் கூண்டு ஆயிற்று. திருக்கோவிலூர் இராசகோபுரத்தின் உச்சியில், கலசங்கள் வரிசையாக நிற்கும் நீண்ட 'சாலை' வடிவச் சிகரத்தின் அடிப்படையும் இதுவே. இதனை ஆக்கும் கட்டளை 'டேப்சர்ஃப்'. நீட்ட வேண்டிய வளைவரையை முதலிலும், திசையைக் காட்டும் கோட்டை அடுத்தும் சுட்ட வேண்டும். திசைக்கோட்டின் எந்த முனைக்கு அருகில் சுட்டுகிறோமோ, அம்முனையிலிருந்து மறுமுனை நோக்கிப் பரப்பு நீளும். தவறான முனையைச் சுட்டியவர், கூண்டு வண்டிக்குப் பின்னால் முளைப்பதைக் காண்பார்.

2. சுழற்சிப் பரப்பு

குயவர் சக்கரத்தில் பானை வனையும்போது அவருடைய விரல் ஒரு வளைவரையைப் பிடித்து நிற்கிறது. சக்கரம் சுழல்கிறது. அவ்வளைவரை அச்சைச் சுற்றிவர, பானை பிறக்கிறது. கடைசல் பட்டறையில் கட்டில் கால் உருவாவதும், கோயிற் கலசமும், பள்ளிவாசலின் குவிமாடமும் இவ்வகையினவே. பீஜப்பூரில் 1656ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட கோல் கும்பஸின் மாபெரும் குவிமாடத்தையும் ஒரு வில், ஓர் அச்சு என்னும் இரண்டினால் கணினியில் எழுப்பிவிடலாம். இதற்குரிய கட்டளை 'ரெவ்சர்ஃப்'.

இங்கே புதிதாகக் கற்போர் அஞ்சும் ஒரு செய்தி உண்டு. உருண்டையான குடத்தை எதிர்பார்த்தால் ஆறு பட்டை கொண்ட குடம் வந்து நிற்கும். காரணம், ஆட்டோகேட் பரப்பைச் சிறு சிறு தட்டைத் துண்டுகளான வலையாக அமைக்கிறது. 'சர்ஃப்டேப்1', 'சர்ஃப்டேப்2' என்னும் இரு எண்கள் துண்டுகளின் எண்ணிக்கையை ஆள்கின்றன. நாம் மாற்றாதவரை இரண்டும் 6 என்றே இருக்கும். 10 செ.மீ. ஆரமுள்ள குடத்தை ஆறு பட்டையாக வரைந்தால், பட்டையின் நடுவில் உண்மையான வட்டத்தினின்றும் ஏறத்தாழ 1.34 செ.மீ. உள்வாங்கிவிடும். அவ்வெண்ணை 36 ஆக்கினால் விலகல் 0.4 மி.மீ.க்கும் குறைவு. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் மறைந்துவிடும் அளவு அது. எண்ணை முதலில் மாற்றிவிட்டுப் பிறகே பரப்பை வரைய வேண்டும். வரைந்த பரப்பு தானே திருந்தாது.

3. கோல் பரப்பு

இரண்டு வளைவரைகளுக்கு இடையே நேரான கோல்களை அடுக்கினால் கிடைப்பது இது. கூரை வேய்வோர் மோட்டு வளைக்கும் சுவருக்கும் இடையே கைமரங்களைப் பரப்புவது இதற்கு எளிய சான்று. மோட்டு வளை நேராகவும் கீழ் விளிம்பு வட்டமாகவும் வளைந்திருக்கலாம். கைமரம் ஒவ்வொன்றும் நேரே, கூரையோ வளைந்தது. நேர்கோடுகளாலேயே வளைந்த பரப்பு பிறக்கும் விந்தை இங்குதான் புலப்படும். மூங்கிற் குச்சிகளைச் சாய்வாக நிறுத்தி இடை சிறுத்துக் கட்டும் மோடாவைப் பாருங்கள். ஒரு குச்சியும் வளையவில்லை. ஆயினும் இடை வளைந்திருக்கிறது. அனல்மின் நிலையங்களிற் காணப்படும் இடை சிறுத்த குளிர்விப்புக் கோபுரங்களின் வடிவமும் இதுவே.

இதற்குரிய கட்டளை 'ரூல்சர்ஃப்'. ஈண்டு இரண்டு எச்சரிக்கைகள் தேவை. முதலாவது, ஒரு விளிம்பு மூடிய வட்டமாயின் மற்றதும் மூடியதாகவே இருத்தல் வேண்டும். அல்லது அது ஒரே புள்ளியாக இருக்கலாம். அப்போது கூம்பு பிறக்கும். இரண்டாவது, திறந்த இரு கோடுகளையும் ஒரே பக்கத்து முனைக்கு அருகில் சுட்ட வேண்டும். ஒன்றை இடப்பக்கமும் மற்றதை வலப்பக்கமும் சுட்டினால் கோல்கள் குறுக்கே பாய்ந்து, பரப்பு முறுக்கிய துணிபோல் ஆகிவிடும்.

4. விளிம்புப் பரப்பு

இனி முறத்துக்கு வருவோம். முறத்தின் வாய்ப்பக்கம் நேராகவும் தாழ்ந்தும் இருக்கும். பின்பக்கம் வளைந்து உயர்ந்திருக்கும். பக்கவிளிம்புகள் இரண்டும் தாழ்விலிருந்து உயர்வுக்கு ஏறிச் செல்லும். நெடுக்கிலும் குறுக்கிலும் மூங்கிற் பட்டைகள் ஊடும் பாவுமாக ஓடி அவற்றை நிரப்புகின்றன. நான்கு விளிம்புகளைத் தந்தால் நடுவை நிரப்பித் தரும் 'எட்ஜ்சர்ஃப்' கட்டளை செய்வதும் இதுவே. முதலிற் சுட்டும் விளிம்பின் போக்கு நெடுக்கு ஆகிறது. மற்றது குறுக்கு ஆகிறது.

நடுவை நிரப்பும் கணக்கு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சார்ந்த ஸ்டீவன் கூன்ஸ் என்பார் 1967இல் வெளியிட்ட அறிக்கையால் புகழ்பெற்றது. அதனை எளிமையாகக் கூறலாம். வாய் விளிம்புக்கும் பின் விளிம்புக்கும் இடையே கோல் பரப்பு ஒன்றை அமைக்க. பக்க விளிம்புகள் இரண்டுக்கும் இடையே மற்றொன்றை அமைக்க. இரண்டின் உயரங்களையும் கூட்டுக. இப்போது நான்கு மூலைகளும் இருமுறை எண்ணப்பட்டுவிட்டன. ஆகவே நான்கு மூலைகளை மட்டும் இணைக்கும் எளிய பரப்பொன்றை ஒருமுறை கழித்துவிடுக. எஞ்சுவது நான்கு விளிம்புகளையும் வழுவாது தழுவிச் செல்லும் பரப்பு.

மூலைகள் கூடாவிடின் இக்கணக்கிற்கு அடிப்படையே இல்லை. தச்சரின் வினா அதனைத்தான் சுட்டியது. கணினித் திரை தட்டையானது. மேலிருந்து பார்க்கும்போது உயர வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. ஆதலின் விளிம்புகளை வரையும்போது கண்ணளவை நம்பாமல், முந்தைய கோட்டின் முனையைத் தானே பற்றிக்கொள்ளும் முனைப்பற்று வசதியை இயக்கிக்கொள்ள வேண்டும். வில்லை நிமிர்த்தி வரைய வேண்டுமாயின் வரைதளத்தையும் முதலில் நிமிர்த்த வேண்டும். இவ்விரண்டையும் பழகிவிட்டால் இடர்களிற் பெரும்பகுதி நீங்கும்.

விளிம்பு நன்றாயின்

மேற்கூறிய நால்வகையினின்றும் ஓர் உண்மை தெளிவாகிறது. பரப்பை நாம் வரைவதில்லை; அதன் விளிம்புகளையே வரைகிறோம். நடுவிலுள்ளதைக் கணினி நிரப்புகிறது. விளிம்பில் உள்ள குறை நடுவெங்கும் பரவும். நேர்கோடும் வில்லும் சந்திக்கும் இடத்தில் கோடு வில்லுக்குத் தொடுகோடாக அமையாவிடின், அங்கே தோன்றும் சிறு முறிவு பரப்பு முழுவதும் வரிபோல் ஓடும். பளபளப்பான பித்தளைக் குடத்தில் ஒரு நெளிவு இருந்தால் அதன்மேல் விழும் ஒளிக்கீற்று அவ்விடத்தில் முறிந்து தோன்றுவதைக் கண்டிருப்போம். கார் வடிவமைப்போர் இன்றும் பரப்பின் மேல் ஒளிக்கீற்றுகளை ஓடவிட்டே அதன் செம்மையைச் சோதிக்கின்றனர்.

ஆட்டோகேட் 2007ஆம் ஆண்டுப் பதிப்பில், பல குறுக்கு வெட்டுகளைத் தழுவிச் செல்லும் பரப்பை ஆக்கும் வசதியும், ஒரு வடிவத்தை வளைந்த பாதையில் இழுத்துச் செல்லும் வசதியும் சேர்ந்தன. 2011ஆம் ஆண்டுப் பதிப்பில், பட்டைகளாகத் தெரியாத வழுவழுப்பான பரப்புகளும் வந்தன. கருவிகள் பெருகினும் அடிப்படை மாறவில்லை. விலை கொடுத்து வாங்க இயலாத மாணவர்கள் கட்டணமின்றிக் கிடைக்கும் ஃப்ரீகேட் மென்பொருளிலும் நீட்டல், சுழற்றல், கோல் பரப்பு ஆகியவற்றைப் பழகலாம்.

மரச்சிற்பமும் மாறும் காலமும்

இதனை வெறும் பொழுதுபோக்கு எனக் கொள்ளலாகாது. கள்ளக்குறிச்சி, சின்னசேலம், திருக்கோவிலூர்ப் பகுதிகளில் வழிவழியாக நடந்துவரும் மரச்சிற்பக் கலைக்கு 2021ஆம் ஆண்டு புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. அதே காலத்தில் மரத்தைத் தானே செதுக்கும் கணினி எந்திரங்களும் ஊர்தோறும் வந்துகொண்டிருக்கின்றன. எந்திரத்தின் உளி கணினியில் வரையப்பட்ட பரப்பின் மேல் வரிவரியாக ஓடுகிறது. பரப்பு எப்படியோ சிற்பமும் அப்படியே. அவ்வாறாயின் அப்பரப்பை வரைபவர் யார் என்பதே கேள்வி. சிற்பத்தின் நடுநூலையும் தாளக் கணக்கையும் அறியாத ஒருவர் எங்கோ இருந்து வரைந்தால், உருவம் கிடைக்கும்; அளவின் உயிர் போய்விடும். தச்சரின் பிள்ளை வரைந்தால், தந்தையின் கையில் இருந்த அளவு மகனின் திரைக்கு வரும். ஒரு பையன் ஓர் ஆங்கிலச் செய்தி விளங்காமல் பயிற்சியை விட்டு நீங்கினால், இழப்பு அவனுக்கு மட்டுமன்று.

தமிழாசிரியரின் கடமை

தமிழில் பொறியியல் இயலாது என்போர்க்கு விடையாக அண்ணா பல்கலைக்கழகம் 2010ஆம் ஆண்டு கட்டடப் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழ் வழியில் தொடங்கியது. அதற்கு நெடுங்காலம் முன்பே யுனெஸ்கோ கூரியர் இதழின் தமிழ்ப் பதிப்பாசிரியராக விளங்கிய மணவை முஸ்தபா அவர்கள் அறிவியலுக்கும் கணினிக்கும் கலைச்சொல் அகராதிகளைத் தொகுத்தளித்தார். நமக்கு அவர் விட்டுச் சென்ற வழி தெளிவானது.

கட்டளையை ஆங்கிலத்தில்தான் தட்ட வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. 'ரூல்சர்ஃப்' என்று தட்டட்டும். தட்டும்போது மனத்தில் கைமரம் பரப்பிய கூரை தோன்றட்டும். 'எட்ஜ்சர்ஃப்' என்று தட்டும்போது முறம் தோன்றட்டும். நீட்சிப் பரப்பு, சுழற்சிப் பரப்பு, கோல் பரப்பு, விளிம்புப் பரப்பு என்னும் பெயர்களை நாம் இக்கட்டுரைக்காக ஆண்டுள்ளோம். இவற்றினும் சிறந்தவை கிடைக்குமாயின் வரவேற்போம். பெயர் எதுவாயினும் அது கேட்டவுடன் வடிவத்தைக் காட்ட வேண்டும். அத்தகைய சொற்கள் அகராதியில் மட்டும் இல்லை. குயவர் சக்கரத்தின் அருகிலும், கடைசல் பட்டறையிலும், முறம் கட்டுவோர் கையிலும் உள்ளன. அவற்றைச் சென்று திரட்டுவது தமிழ் மாணவர்க்குரிய பணியாகும்.

முடிவுரை

அன்று மாலைக்குள் பையன் அம்மூலையைச் சரிசெய்துவிட்டான். கட்டளை ஏற்கப்பட்டு, திரையில் தாமரை இதழ் வலையாக விரிந்தது. தந்தை எழுந்து வந்து சற்று நேரம் பார்த்தார். "தடிப்பு எங்கடா?" என்று கேட்டார். "இது தோற்றம் மட்டுந்தாம்பா. தடிப்பை இனிமேல்தான் கொடுக்கணும்" என்றான் மகன். பரப்புக்கும் திண்மத்துக்கும் உள்ள வேறுபாட்டைத் தந்தை தம் வினாவாலும் மகன் தன் விடையாலும் ஒரு நொடியில் விளக்கிவிட்டனர். இருவரும் பேசியது தமிழ்.

அவன் பயிற்சியை இடையில் விடவில்லை. நம் துறை மாணவர்கள் தம் அருகில் பயிலும் அறிவியல் மாணவர் ஒருவருக்கேனும் இவ்வாறு ஒரு சொல்லைத் தேடித் தருவார்களாயின், இம்மலரில் இக்கட்டுரை இடம்பெற்றதன் பயன் கிட்டியதாகக் கொள்வோம்.